உப்புக் காற்றுக்குத் தாங்கும் நம்பர் பிளேட் ஸ்க்ரூ: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

நம்பர் பிளேட்டின் ஓட்டைகளிலிருந்து பழுப்புக் கோடு வழிந்து நிற்கும் கார்களைத் திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் ராயபுரத்திலும் தெருவுக்கு நாலு பார்க்கலாம். பிளேட் அலுமினியம், அதில் செந்துரு வராது. வழிவதெல்லாம் ஸ்க்ரூவின் துரு. பிளேட் மாட்டியவர் டப்பாவில் கைக்குக் கிடைத்ததைப் போட்டு முறுக்கிவிட்டதன் பலன். கோடு மட்டும் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். ஸ்க்ரூவின் கழுத்தை அரித்து, ஒரு மழைநாளில் பிளேட் எங்கேயோ விழுந்துவிட்டால் போலீஸில் புகார், புது பிளேட்டுக்கு விண்ணப்பம் என்று அலைச்சல்தான். அந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் நல்ல ஸ்க்ரூவுக்கும் மட்டமான ஸ்க்ரூவுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

சென்னையில் இது ஏன் இத்தனை சீக்கிரம் நடக்கிறது? துருவுக்கு மழை பெய்ய வேண்டியதில்லை. கடற்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். விடிகாலையில் பானெட்டில் விரல் வைத்தால் பிசுபிசுக்கிறதே, அதுதான். கோயம்புத்தூரில் பல வருடம் தாக்குப்பிடிக்கும் அதே ஸ்க்ரூ ஈ.சி.ஆர். ஓரத்து வீட்டில் ஒரே வருடத்தில் பழுத்துப்போவதன் காரணம் இதுவே. இரவெல்லாம் நனைந்து பகலில் காயும். மறுநாள் மறுபடியும் நனையும்.

எந்த ஸ்க்ரூவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளில் வருவது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதாவது எச்.எஸ்.ஆர்.பி. 1 மி.மீ. அலுமினியத் தகடு. இடப்பக்கம் 20-க்கு 20 மி.மீ. அளவில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதன் கீழே லேசரில் பொறித்த தொடர் எண். பின்பக்க பிளேட்டை ஸ்னாப் லாக் என்ற, ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற பூட்டால் மாட்ட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50-வது விதி. அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு, எவ்வளவு உயர்ந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டாலும் அது சரியல்ல. பூட்டு உடைந்திருந்தால் பிளேட் வழங்கிய டீலரிடமோ அங்கீகாரம் பெற்ற பிளேட் மையத்திடமோ போய்ப் புதுப் பூட்டு போட்டுக்கொள்வதுதான் வழி. பல ஷோரூம்களில் முன்பக்கமும் ஸ்னாப் லாக்கே அடித்துத் தருகிறார்கள். அதையும் தொட வேண்டாம்.

அப்படியானால் ஸ்க்ரூவுக்கு வேலை எங்கே? சாதாரண ஸ்க்ரூவில் நிற்கும் முன்பக்க பிளேட்டில். பழைய வண்டிகளில். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டையையும் பிளாஸ்டிக் ஃபிரேமையும் வண்டியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில். பிளேட்டில் ஸ்னாப் லாக் புதுசு போல மின்னும், பின்னால் பட்டையின் போல்ட் பொடிப்பொடியாய் உதிர்ந்துகொண்டிருக்கும். கீழே விழும் பிளேட்டுகளில் நிறைய இப்படிப் பட்டையோடு சேர்ந்து விழுபவை. குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்

கழற்றும் முன் ஸ்க்ரூவைச் சுற்றி என்ன நிறம் என்று பாருங்கள். ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு வழிந்திருந்தால் அது இரும்பு ஸ்க்ரூ. மேலே பூசியிருந்த துத்தநாகம் தீர்ந்துபோய் உள்ளிரும்பு வெளியே வந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்க்ரூ பளபளவென்று இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றி பிளேட்டில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது என்றால் அரிபடுவது பிளேட்தான். இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதற்காகக் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். பெரிய தகட்டில் சின்ன போல்ட் என்பதால் சேதம் பரவாது, போல்ட்டைச் சுற்றிச் சில மி.மீ. வட்டத்துக்குள்ளேயே நிற்கும். ஆனாலும் பிளேட் பிடித்து நிற்பதும் அந்த வட்டத்தில்தானே. 1 மி.மீ. தகடு அங்கே மெலிந்தால் ஓட்டை பெரிதாகி, பிளேட் தடதடக்க ஆரம்பிக்கும். இதற்கு மருந்து வேறு ஸ்க்ரூ அல்ல, நைலான் வாஷர். பின்னால் வருகிறது.

மூன்றாவது, ஸ்டெயின்லெஸ் தலையின் மேல் டீக்கறை போல மெல்லிய பழுப்புப் படலம். இது பெரும்பாலும் மேலோட்டமானது. பாத்திரம் துலக்கும் சோப்பும் நைலான் ஸ்க்ரப்பரும் போதும். இரும்பு நார் கொண்டு தேய்த்தால் அதன் துகள்கள் தலையில் பதிந்து, அடுத்த வாரம் அவையே துருப்பிடித்து நிற்கும். பழைய துருப்பிடித்த ஸ்க்ரூ டிரைவர் பிட்டும் இதே வேலையைச் செய்யும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவுக்குச் சுத்தமான பிட் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த உலோகம்

கடையில் மிக மலிவாகக் கிடைப்பது துத்தநாக முலாம் பூசிய இரும்பு. வெள்ளை அல்லது மஞ்சள் சாயலில் மினுக்கும். முலாம் சில மைக்ரான் தடிமன்தான், ஸ்க்ரூ டிரைவர் தலையில் ஒருமுறை வழுக்கினாலே அது சுரண்டப்பட்டுவிடும். துரு தலையின் நட்சத்திரப் பள்ளத்தில் தொடங்குவது அதனால்தான். மூடிய கார் நிறுத்தத்தில், கடலிலிருந்து தள்ளி இருக்கும் வண்டிக்குச் சில வருடம் ஓடும். மற்றவர்களுக்கு இது காசுக்கேற்ற பண்டம்.

கறுப்பு ஸ்க்ரூவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார் அலங்காரக் கடைகளில் பிளேட் ஃபிரேமோடு சேர்த்துக் கறுப்பு ஸ்க்ரூ போட்டுத் தருவார்கள். கறுப்பு பம்பருக்குப் பொருத்தமாக அழகாகவே இருக்கும். அது பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு ஜிப்சம் போர்டில் அடிக்கும் ஸ்க்ரூ. வீட்டுக்குள் உலர்ந்த இடத்துக்கென்று செய்தது. ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. குரோமியம் பூசிய மினுமினு ஸ்க்ரூவும் உள்ளே இரும்புதான். பூச்சின் நுண்துளை வழியாக உப்பு நீர் இறங்கி, பூச்சு செதில் செதிலாகக் கழலும்.

பித்தளை துருப்பிடிக்காதே என்று சிலர் அதைப் போடுகிறார்கள். பித்தளையில் செம்பு உண்டு, செம்பும் அலுமினியமும் கடற்காற்றில் ஆகாத ஜோடி. பிளேட்டைத் தின்றுவிடும். வேண்டாம்.

கலர் கலராக வரும் அனோடைஸ் செய்த அலுமினிய போல்ட்டுகள் பிளேட்டோடு ஒரே இனம் என்பதால் அரிப்பில் சண்டை இல்லை. ஆனால் தலை மெத்து, ஆலன் கீ ஒருமுறை வழுக்கினால் பள்ளம் வட்டமாகிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. நைலான் போல்ட் துருவே பிடிக்காது, ஆனால் வெள்ளை நைலான் நம் வெயிலில் சில கோடைகளுக்குள் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கறுப்பு நைலான் வெயிலுக்குச் சற்றுத் தேவலை. தனி போல்ட்டாக நம்ப வேண்டாம், வாஷராகவும், போல்ட்டின் தண்டைச் சுற்றி உறைபோல் உட்காரும் புஷ்ஷாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதில்தான் ஏமாற்றமும் அதிகம், ஏனென்றால் கடைக்காரர் எல்லாவற்றையும் எஸ்.எஸ். என்ற ஒரே பெயரில் விற்பார். நாலு ரகம் தெரிந்தால் போதும்.

304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்டது. போல்ட் தலையில் ஆங்கில எழுத்தில் ஏ2-70 என்று பொறித்திருக்கும். ஏ2 என்பது ரகம், 70 என்பது இழுவலு, அதாவது 700 மெகாபாஸ்கல். சென்னையின் பெரும்பகுதிக்கு இதுவே போதும். 316 என்றால் நிக்கல் இன்னும் கொஞ்சம் கூடும், அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேரும். உப்பில் குழி விழாமல் காப்பது இந்த மாலிப்டினம். தலையில் ஏ4 என்றிருக்கும். கடல் தெரியும் தூரத்தில் வண்டி நிற்கிறது, அதுவும் திறந்த வெளியில் என்றால் இதை வாங்குங்கள். பட்டினப்பாக்கம், கொட்டிவாக்கம், நீலாங்கரை, காசிமேடு, எண்ணூர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அண்ணா நகரிலோ போரூரிலோ இருப்பவர் 316-க்கு அலைய வேண்டியதில்லை.

202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு ரகம். பார்வைக்கு 304 போலவே இருக்கும். வீட்டுக் கம்பிக் கதவுக்கும் கைப்பிடிக்கும் நிறையப் பயன்படுகிறது. கடலோரத்தில் பழுப்பாகிவிடும். 410 என்பது கடினமாக்கிய ரகம். தகட்டைத் தானே துளைத்துக்கொண்டு போகும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூக்களில் நிறைய இதுதான், கூரை ஷீட் வேலையில் பார்த்திருப்பீர்கள். 304-ஐவிடக் குரோமியம் குறைவு, நிக்கலும் கிட்டத்தட்ட இல்லை என்பதால் உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறும்.

கடையில் கண்டுபிடிப்பது

காந்தம் வைத்துப் பார்த்து எஸ்.எஸ். என்று தீர்மானிப்பது பாதி உண்மைதான். 410 காந்தத்தில் கப்பென்று ஒட்டும், அதை ஒதுக்க காந்தம் உதவும். ஆனால் 202-உம் 304-உம் இரண்டுமே பெரிதாக ஒட்டாது. போதாக்குறைக்கு, அசல் 304 போல்ட்டும் குளிர்நிலையில் அடித்து மரை உருட்டும்போது லேசாகக் காந்தத்தன்மை பெற்றுவிடும். மெல்ல இழுக்கிறது என்பதற்காக நல்ல போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

202-ஐப் பிரித்தறிய ஸ்டீல் வியாபாரிகள் ஒரு சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு மின்கலத்தைத் தொட்டால் மாங்கனீஸ் மிகுந்த 202 சிவக்கும். கடையில் கேட்டால் செய்து காட்டுபவர்களும் உண்டு. இல்லாவிட்டால் தலையில் ஏ2-70 என்ற பொறிப்பும் தயாரிப்பாளர் குறியும் உள்ள போல்ட்டையே கேளுங்கள். சின்ன ஸ்க்ரூக்களில் பொறிப்பு இருக்காது. அப்போது ஒன்றிரண்டு வாங்கி வந்து வீட்டில் பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துணியை நனைத்து ஸ்க்ரூவைச் சுற்றி, மூன்று நாள் காயாமல் வைத்திருங்கள். துத்தநாகம் வெள்ளையாகப் பூக்கும், பிறகு சிவக்கும். 410 புள்ளி புள்ளியாகப் பழுக்கும். 304 பெரும்பாலும் கழுவினால் பழையபடி இருக்கும்.

பாரிமுனை பிராட்வே பக்கத்து போல்ட்-நட்டு கடைகளில் சில்லறையாகவே 304 கிடைக்கும். கேட்டு வைத்தால் 316-உம் எடுத்துத் தருவார்கள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள ஃபாஸ்ட்னர் கடைகளும் சரி. பிளாஸ்டிக் கிளிப், பம்பர் ஓட்டையில் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்கும் குரோமெட் வகைகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகத்தோடு வரும் ஸ்க்ரூவை வாங்காதீர்கள், அது ஏற்கெனவே ஒரு ஆயுள் வாழ்ந்து முடித்தது.

அளவு: இங்கேதான் மரை போகிறது

பழைய ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதுதான் உத்தமம். ஒரே மாடலிலேயே முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று இருக்கலாம். பொதுவாக இரண்டு வகைதான். ஒன்று, நட்டிலோ, வண்டித் தகட்டிலேயே பற்றவைத்த வெல்டு நட்டிலோ போகும் எம்6 அல்லது எம்5 மெஷின் போல்ட், அதாவது 6 அல்லது 5 மி.மீ. தடிமன். மற்றது, பம்பரில் செருகிய சதுர பிளாஸ்டிக் குரோமெட்டில் போகும் டேப்பிங் ஸ்க்ரூ. 4.2 அல்லது 4.8 மி.மீ. தடிமன், கடை மொழியில் 8 நம்பர், 10 நம்பர்.

ஹார்டுவேர் கடையில் 6 எம்.எம். போல்ட் என்று கேட்டால் சில சமயம் கால் இஞ்ச் போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ., இஞ்சுக்கு 20 மரை. எம்6-இல் மரைக்கு மரை 1 மி.மீ., இஞ்சுக்கு 25-க்கும் சற்று மேல். எம்6 நட்டில் கால் இஞ்ச் போல்ட் வாய் வைத்ததோடு நிற்கும், ஒன்றிரண்டு சுற்று போனாலும் அதற்கு மேல் இறுகும். கொஞ்சம் டைட்டாக இருக்கிறது என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் வண்டியின் வெல்டு நட்டு போச்சு. ஸ்க்ரூ கடைசி வரை கை விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் அது தப்பான ஸ்க்ரூ. கடையிலேயே ஒரு எம்6 நட்டை வாங்கிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நீளத்தைக் கணக்குப் போட்டே வாங்குங்கள். ஒரு உதாரணம்: மேலே ஸ்டீல் வாஷர் 1.6, அதன் கீழே நைலான் வாஷர் 1, பிளேட் 1, பிளாஸ்டிக் ஃபிரேம் 2.5, பின்னால் ரப்பர் 1.5, வண்டியின் பட்டை 2. ஆக 9.6 மி.மீ. நைலாக் நட்டின் (உள்ளே நைலான் வளையம் வைத்த, அதிர்வில் கழலாத நட்டு) உயரம் 6, அதற்கு வெளியே இரண்டு மரை நீண்டிருக்க 2. மொத்தம் 17.6, எனவே 20 மி.மீ. போல்ட். நைலாக் இல்லாமல் வெல்டு நட்டு என்றால் 16 போதும். இருக்கட்டுமே என்று 40 மி.மீ. போட்டுவிடுகிறவர்கள் உண்டு. முன்பக்கம் பம்பருக்குப் பின்னால் சில வண்டிகளில் ஏ.சி. கன்டென்சர் விரல் தூரத்தில் இருக்கும், பின்பக்கம் டிக்கி பூட்டின் கம்பியும் கேமரா ஒயரும் ஓடும். நீள ஸ்க்ரூவின் முனை அதிர்ந்து அதிர்ந்து ஒயரை உரசினால், கேமரா ஏன் படம் காட்டவில்லை என்று தேடுவது எலக்ட்ரீஷியனின் வேலையாகிவிடும்.

டேப்பிங் ஸ்க்ரூவில் 304 கேட்டால் சில கடைகளில், அது சாஃப்ட், 410 வாங்குங்கள் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. இரும்புத் தகட்டில் தானே வழி வெட்டிக்கொண்டு போக 304-க்கு வலு பத்தாது. ஆனால் பிளாஸ்டிக் குரோமெட்டிலும் ஏற்கெனவே மரை விழுந்த ஓட்டையிலும் 304 தாராளமாகப் போகும். நமக்கு வேண்டியது அதுதான்.

தலை எதுவாக இருக்கலாம்? அறுகோணத் தலை எம்6-க்கு 10 எம்.எம். ஸ்பேனர், எம்5-க்கு 8. பட்டன் தலை ஆலன் எம்6-க்கு 4 எம்.எம். கீ. நட்சத்திரத் தலை வாங்கினால் எம்6-க்கு 3 நம்பர் பிட், எம்5-க்கு 2 நம்பர். எம்6 தலையில் 2 நம்பர் பிட் போட்டுத் திருகுவதால்தான் பெரும்பாலான தலைகள் வழுக்குகின்றன. எங்கள் தேர்வு ஆலன் பட்டன் தலை. தட்டையாக உட்காரும், பள்ளம் வழுக்காது, கடைத்தெருவில் சும்மா போகிறவர் நாணயத்தால் திருகிக் கழற்றவும் முடியாது. குறை ஒன்று: ஆலன் பள்ளத்தில் உப்பும் மண்ணும் தங்கும். பொருத்தி முடித்ததும் பள்ளத்தில் ஒரு துளி கிரீஸ் வைத்துவிடுங்கள்.

முன்பக்க பிளேட் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் பிடிமானம், பட்டைக்கு இரண்டு என்று வைத்தால் வாங்க வேண்டியது: போல்ட் 4, கூட உதிரி 2. நைலாக் நட்டு 6. 18 மி.மீ. வெளிவிட்டமுள்ள அகல ஸ்டீல் வாஷர் 4. நைலான் வாஷர் 8. வாஷரும் நட்டும் போல்ட்டின் அதே ரகமாக இருக்கட்டும். 316 போல்ட்டுக்கு இரும்பு ஸ்பிரிங் வாஷர் போட்டால் துரு அங்கிருந்து வழியும், பழி போல்ட்டின் மேல் விழும்.

பழையதைக் கழற்றுவது

ஓட்டையைச் சுற்றி பெயின்ட்டிலும் பிளேட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டபிள்யூ.டி.-40 போன்ற துரு இளக்கியை அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரமாவது ஊற வேண்டும், அடித்த கையோடு திருகினால் பயனில்லை. பிறகு பிட்டை முழு பலத்தோடு உள்ளே அழுத்திக்கொண்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்புங்கள். துருக்கட்டு விட்டுக்கொடுக்கும். அப்புறம் கழற்றும் பக்கம். தலை வழுக்கிவிட்டால் இன்னும் போராடாதீர்கள். தலையின் நடுவில் 6.5 மி.மீ. டிரில் வைத்துத் துளைத்தால் தலை மட்டும் கழன்று வந்துவிடும், பிளேட்டை எடுத்தபின் மிச்சத் தண்டை வைஸ்கிரிப்பால் பிடித்துத் திருப்பலாம். பம்பர் பக்கத்தில் தீக்காட்டிச் சூடேற்றும் யோசனையை விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் உருகும்.

குரோமெட்டோடு சேர்ந்து ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால், பிளேட்டின் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி வெளியே நெம்பிக்கொண்டே திருகுங்கள். வெளியே வந்த குரோமெட் விரிசல் விட்டிருக்கும். புதுசு போடுங்கள், தீக்குச்சி சொருகும் வைத்தியம் ஒரு மாதம்கூட நிற்காது.

பட்டையின் ஓட்டை விளிம்பில் பெயின்ட் போயிருந்தால் எமரி தாளால் துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமரும் ஒரு பூச்சு பெயின்ட்டும் அடித்து, ஒரு இரவு காயவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் இரும்புப் பட்டையைத் தொடும் இடத்தில் கரைவது பட்டை. இதைச் செய்யாமல் புது போல்ட் போட்டால் சில மாதத்தில் மறுபடி பழுப்புக் கோடு வரும், எஸ்.எஸ். என்று ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

மாட்டுவது

வரிசை முன்னிருந்து பின்னாக: போல்ட் தலை, அகல ஸ்டீல் வாஷர், நைலான் வாஷர், பிளேட், நைலான் அல்லது ரப்பர், பட்டை, நட்டு. நைலான் இரண்டு பக்கமும் இருந்தாலும் போல்ட்டின் தண்டு பிளேட் ஓட்டையின் விளிம்பைத் தொட்டால் பாதி வேலை வீண். காலர் உள்ள நைலான் புஷ் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் பிளம்பர் டெஃப்லான் டேப்பை, பிளேட் வந்து உட்காரும் இடத்தில் மட்டும் நாலைந்து சுற்று சுற்றுங்கள். அகல வாஷர் எழுத்தையோ ஹாலோகிராமையோ மறைக்கக் கூடாது, மறைத்தால் சின்ன வாஷருக்கு மாறுங்கள். எச்.எஸ்.ஆர்.பி.யில் புதிதாக ஓட்டை போடவே வேண்டாம். ஓட்டை ஒத்துவராவிட்டால், இடையில் ஒரு பட்டை வைத்து ஒத்துவர வைக்க வேண்டியது பிளேட்டை அல்ல, வண்டிப் பக்கத்தை.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போடும்போது ஒரு வில்லங்கம் உண்டு. வேகமாக முறுக்கினால் இரண்டு மரைகளும் உரசிச் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அதற்கு மேல் முன்னும் போகாது, பின்னும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நைலாக் நட்டில் இது இன்னும் அதிகம். மரையில் ஆன்டி-சீஸ் பசையோ, குறைந்தபட்சம் துளி கிரீஸோ தடவி, கையால் மெதுவாக முறுக்குங்கள். பேட்டரி டிரில்லைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

எவ்வளவு இறுக்கம்? எம்6-க்கு 3 முதல் 4 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரென்ச் இல்லையென்றால், ஆலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்துக்கொண்டு விரல் பலத்தில் நிற்கும் வரை, பிறகு கால் சுற்று. பிளேட் குழிந்தால் அதிகமாகிவிட்டது. பிளாஸ்டிக் குரோமெட்டில் இதில் பாதிகூட வேண்டாம். ஏற்கெனவே மரை விழுந்த குரோமெட்டில் ஸ்க்ரூவை வைத்து முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் டக்கென்று இறங்கும். பழைய மரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள், அங்கிருந்து இறுக்குங்கள். இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புது வழி வெட்டினால் நாலாவது தடவை ஓட்டை தொளதொளத்துவிடும்.

மரை கழலாமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் பசை விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உலோகத்துக்கு உலோகம் என்றால் விடலாம், ஆனால் ஸ்டெயின்லெஸில் இறுக நேரமெடுக்கும். பிளாஸ்டிக் ஃபிரேம் பக்கத்தில் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளில் அது வெடிப்பு உண்டாக்கும். நைலாக் நட்டு இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. ஒரு வாரம் வண்டி ஓட்டிவிட்டு ஒருமுறை இறுக்கம் சரிபாருங்கள், ரப்பர் அமுங்கியிருக்கும்.

தேங்கிய தண்ணீரும் மற்ற தொல்லைகளும்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிற்கிற தண்ணீரில் ஓட்டுவது என்றால் என்ன என்று. 500-க்கு 120 மி.மீ. பிளேட் முழுக்க நீரில் இருக்கும்போது, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அதன் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 23 கிலோ எடை அளவு. 20 கி.மீ. என்றால் இரட்டிப்பல்ல, நாலு மடங்கு, 90 கிலோவுக்கு மேல். முன்னால் தள்ளும் நீரை பம்பர் தாங்கிக்கொள்ளும். பிளேட்டின் ஓரத்தில் புகுந்து பின்னால் சுழலும் நீர்தான் அதை மடக்கிப் பிய்க்கிறது. சின்னத் தலை ஸ்க்ரூ இறுகத்தான் இருக்கும், 1 மி.மீ. தகடு அதைச் சுற்றிக் கிழிந்து வந்துவிடும். அகல வாஷர் போடச் சொன்னது இதற்கு. பிளேட் பின்னால் இடைவெளி இல்லாமல் ஃபிரேமிலோ பம்பரிலோ முழுக்கப் படிந்திருந்தால் இன்னும் நல்லது. தண்ணீரைக் கடந்து வந்ததும் இறங்கி, முன்னும் பின்னும் பிளேட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. உப்பு தங்காமல் இருந்தால் போதும், வாரம் ஒரு குவளை தண்ணீர். ஆனால் எந்தத் தண்ணீர்? கடலோரப் பேட்டைகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் உப்பைக் கழுவியதாகாது, புது உப்பு பூசியதாகும். வண்டியை எதில் வேண்டுமானாலும் கழுவுங்கள், பிளேட்டுக்குக் கடைசிக் குவளை மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். மழைக்காலம் தொடங்கும் முன், புரட்டாசி வாக்கில், நட்டுப் பக்கம் மெல்ல கிரீஸ் தடவிவிடலாம்.

ஆயுத பூஜையும் அந்த நேரம்தான் வரும். பிளேட்டில் பூசும் சந்தனமும் குங்குமமும் வாஷர் இடுக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மறுநாள் துடைத்துவிடுங்கள். எலுமிச்சை மிளகாய்த் திருஷ்டியை பிளேட் போல்ட்டில் இரும்புக் கம்பியால் கட்டுகிறார்கள். கம்பி துருப்பிடித்து வழியும், பழத்தின் புளிப்புச் சாறு அதை முடுக்கிவிடும். நூலில் கோத்து கிரில்லில் கட்டச் சொல்லுங்கள்.